ஒற்றைப் பிளவுச் சூத்திரம்: மனனம் வேண்டாம், வரைந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் பத்திரிகைகளின் கல்விப் பக்கங்களிலும், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வகுப்புகளில் கைமாறும் போட்டோகொப்பிக் குறிப்புகளிலும் ஒளியின் கோணல் (ஒடுக்கமான பிளவினூடாகப் போகும் ஒளி பக்கங்களுக்குப் பரவுவது) பற்றிய ஒரு படம் தவறாமல் வரும். திரையில் எங்கே எவ்வளவு பிரகாசம், அதாவது செறிவு, என்று காட்டும் வரைபு அது. நடுவில் ஒரு மேடு; இருபக்கமும் ஏறக்குறைய அதன் பாதி உயரத்தில் ஒவ்வொரு மேடு; அப்பால் இன்னும் கொஞ்சம் குறைந்தவை. எல்லா மேடும் ஒரே அகலம். கீழே செறிவுக்கான சூத்திரம் ஒரு பெட்டிக்குள் இருக்கும். அது எங்கிருந்து வந்தது என்று ஒரு வரிகூட இராது.

அந்தப் படம் பிழை. பக்க மேடுகளின் உயரம் பிழை, நடு மேட்டின் அகலம் பிழை, பக்க உச்சிகளைக் குறித்த இடமும் கொஞ்சம் பிழை. பெட்டிக்குள் இருக்கும் சூத்திரத்தில் இரண்டு மூன்று பெறுமானங்களை இட்டுப் பார்த்திருந்தால் மூன்றுமே பிடிபட்டிருக்கும். சூத்திரத்தைப் பெறும் வழியைச் சொல்லாமல் விட்டதால்தான் படமும் சூத்திரமும் ஒன்றுக்கொன்று முரணாக ஒரே தாளில் குடியிருக்கின்றன. "பெறுதல் கடினம், பல்கலைக்கழகத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற சமாதானம் எங்களுக்கு ஏற்புடையதல்ல. வட்டத்தின் வில்லும் நாணும் தெரிந்த எந்த மாணவரும் அதைப் பெறலாம். தொகையீடு கூடக் கட்டாயமில்லை.

குறியீடுகளைத் தமிழிலேயே வைத்துக்கொள்வோம். பிளவின் அகலம் அ, ஒளியின் அலைநீளம் ல, நேர்திசையோடு கதிர் அமைக்கும் கோணம் கோ. பிளவின் இரு ஓரங்களிலிருந்தும் அந்தத் திசையில் புறப்படும் கதிர்களுக்கிடையிலான பாதை வித்தியாசம் அ × சைன் கோ. பிளவு ஒடுக்கமாகவும் திரை தூரத்திலும் இருப்பதால் கதிர்களைச் சமாந்தரமாகக் கொள்கிறோம்.

வகுப்புகளில் வழக்கமாகச் சொல்வது பாதிப் பிளவு வாதம். பிளவைப் பல மெல்லிய கீலங்களாக, அதாவது கீற்றுகளாக, எண்ணிக்கொள்வார்கள். ஓரத்துக்கு ஓரம் பாதை வித்தியாசம் ஒரு அலைநீளமாக இருக்கும்போது, மேல் ஓரத்துக் கீலமும் பிளவின் நடுக் கீலமும் அரை அலைநீளத்தால் வேறுபடும். ஒன்றை மற்றது அழிக்கும். அதற்கடுத்த கீலம் நடுவுக்கடுத்த கீலத்தோடு சோடி சேர்ந்து அழியும். இப்படியே போனால் முழுப் பிளவும் அழிந்து இருள். இந்த வாதத்தில் குறையில்லை. இரு பிளவுப் பரிசோதனையில் ஒரு அலைநீள வித்தியாசம் பிரகாசம் தரும்போது இங்கே ஏன் இருள் என்று திகைப்பவர்களுக்கும் இதுவே விடை: அங்கே ஒப்பிடுவது தனித்தனி இரண்டு பிளவுகளை; இங்கே ஒரே பிளவின் இரண்டு ஓரங்களை, இடையிலுள்ள அத்தனை கீலங்களும் சேர்ந்துதான் கணக்கு. ஆனால் இந்த வாதம் இருள் எங்கே என்று மட்டுமே சொல்லும். இரண்டு இருளுக்கு நடுவில் எவ்வளவு ஒளி என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. அந்த இடத்தில்தான் குறிப்பெழுதுபவர் பெட்டியைக் கீறிச் சூத்திரத்தைப் போட்டுவிடுகிறார்.

பதில் வேண்டுமானால் ஒரு கொப்பி, அடிமட்டம், பாகைமானி, கூரான பென்சில் போதும். பிளவைச் சம அகலமான 12 கீலங்களாகப் பிரித்துவிட்டதாக எண்ணுங்கள். ஒவ்வொரு கீலமும் திரைக்கு ஒரே அளவு வீச்சத்தை (அலையின் உயரத்தை) அனுப்புகிறது. அதை 1 செ.மீ. நீளக் கோடாக வரையலாம். அடுத்தடுத்த கீலங்களின் அவத்தை (அலை தன் சுற்றில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது; ஒரு அலைநீளம் 360 பாகை) சமமான படிகளாக மாறுகிறது. ஆகவே ஒவ்வொரு கோடும் முன்னைய கோட்டின் முனையில் தொடங்கி அதிலிருந்து அதே கோணத்தால் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பம், ஓரத்துக்கு ஓரமுள்ள மொத்த அவத்தை வித்தியாசத்தின் பன்னிரண்டில் ஒன்று. தொடக்கப் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளிக்குள்ள நேர்த்தூரமே விளையுள் வீச்சம். காவிகளைக் கூட்டும் அதே முறைதான், புதிதாக ஒன்றுமில்லை.

நேர்திசையில் திருப்பம் இல்லை. 12 கோடுகளும் ஒரே நேர்கோடாக 12 செ.மீ. நீளும். இதுவே ஆகக்கூடிய வீச்சம். மற்றவற்றை இதனோடு ஒப்பிடுவோம்.

பாதை வித்தியாசம் அரை அலைநீளம் என்றால் மொத்த அவத்தை 180 பாகை, திருப்பம் 15 பாகை. கோடுகள் அரைவட்டம் போல வளையும். நேர்த்தூரத்தை அளந்தால் 7.7 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, கணித்தால் 7.66. 12ஆல் வகுக்க 0.638, செறிவு வீச்சத்தின் வர்க்கம் என்பதால் 0.41. ஒரு அலைநீளம் என்றால் திருப்பம் 30 பாகை. பன்னிரண்டாவது கோடு தொடங்கிய புள்ளியிலேயே வந்து முடிந்து ஒழுங்கான பன்னிருகோணி மூடிக்கொள்ளும். நேர்த்தூரம் பூச்சியம். பாதிப் பிளவு வாதம் சொன்ன இருள் இதுதான். இப்போது கண்ணால் தெரிகிறது.

ஒன்றரை அலைநீளத்தில்தான் சுவாரசியம். திருப்பம் 45 பாகை. எட்டாவது கோட்டில் எண்கோணி ஒன்று மூடும். அந்த எட்டும் வீண். மிகுதி நான்கு கோடுகள் அதே எண்கோணியின் மேல் பாதி தூரம் ஓடி எதிர் உச்சியில் நிற்கும். நேர்த்தூரம் 2.61 செ.மீ. அதாவது நேர்திசை வீச்சத்தின் 0.218 பங்கு, வர்க்கித்தால் 0.047. நடுச் செறிவின் நூற்றுக்கு ஐந்து கூட இல்லை. படத்தில் பாதி உயரத்துக்கு ஏற்றி வைத்த மேட்டின் உண்மையான உயரம் இவ்வளவுதான்.

வரையும்போது பலருக்குப் பன்னிருகோணி மூடாது. ஒவ்வொரு கோட்டையும் முன்னைய கோட்டிலிருந்து பாகைமானி வைத்து அளப்பதே காரணம். ஒரு திருப்பத்துக்கு 1 பாகை பிசகினால் 11 திருப்பத்தில் 11 பாகை சேர்ந்துவிடும். பக்கத்தின் அடியில் ஒரு நிலையான கிடைக்கோட்டைக் கீறி, ஒவ்வொரு கோட்டின் திசையையும் அதிலிருந்தே 0, 30, 60, 90 என்று அளந்து, மூலைமட்டத்தால் சமாந்தரமாக நகர்த்தி வரைந்தால் பிசகு சேராது. இன்னொன்று: 12 கோடுகளுக்கு 11 திருப்பங்களே உண்டு. அரை அலைநீளப் படத்தில் முதற் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் இடையில் 165 பாகைதான் வரும். 180 வரவில்லையே என்று பதின்மூன்றாவது கோடு போடக்கூடாது. ஒவ்வொரு கோடும் தன் கீலத்தின் நடுப்புள்ளியைக் குறிக்கிறது. ஓரங்களில் அரைக் கீலம் அரைக் கீலமாக விடுபட்டதே அந்த 15 பாகை.

இனிக் கீலங்களை 12க்குப் பதில் 120, 1200 என்று மெல்லியதாக்கிக்கொண்டே போங்கள். உடைந்த கோடு வழுவழுப்பான வட்டவில் ஆகிவிடும். வில்லின் நீளம் மாறாது. அது நேர்திசை வீச்சம். அதை வீ என்போம். வில்லின் தொடக்கத் தொடலிக்கும் முடிவுத் தொடலிக்கும் இடையிலுள்ள கோணம் மொத்த அவத்தை வித்தியாசம். அதை வ என்போம்:

வ = 2பை × அ × சைன் கோ ÷ ல

தொடலி எவ்வளவு திரும்புகிறதோ அதே கோணத்தைத்தான் வில் மையத்தில் எதிரமைக்கும். (ஆரை தொடலிக்குச் செங்குத்து, இரண்டும் சேர்ந்தே திரும்பும்.) ஆகவே ஆரை = வீ ÷ வ. இந்த வில்லின் நாண் = 2 × ஆரை × சைன்(வ ÷ 2). ஆரையைப் பிரதியிட்டு, அரை அவத்தையை உ என்று எழுதினால், அதாவது உ = வ ÷ 2 = பை × அ × சைன் கோ ÷ ல எனின்:

வீச்சம் = வீ × (சைன் உ ÷ உ)

செறிவு = நடுச் செறிவு × (சைன் உ ÷ உ)²

பெட்டிக்குள் இருந்த சூத்திரம் இதுதான். பெறுவதற்கு எடுத்தது எட்டு வரி.

இணைந்த கணிதம் படிக்கும் மாணவருக்கு இன்னொரு வழியும் உண்டு. ஆள்கூற்றின் தொடக்கத்தைப் பிளவின் நடுவில் வைத்தால் கீலங்களின் அவத்தை −உ முதல் +உ வரை ஒரே சீராகப் பரவியிருக்கும். மேல் கீலமும் கீழ் கீலமும் சமச்சீராக இருப்பதால் சைன் பகுதிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். எஞ்சுவது கொசைனின் சராசரி மட்டுமே. −உ முதல் +உ வரை கொசைனைத் தொகையிட்டு 2உ ஆல் வகுத்தால் சைன் உ ÷ உ. தொடக்கத்தை ஓரத்தில் வைப்பவர்களுக்கும் அதே விடைதான் கிடைக்கும், ஆனால் சைன் வ, 1 − கொசைன் வ என்ற இரண்டு கூறுகளை வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டிவரும். இடையில் குறி மாறிப் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நடுவில் வைப்பதே புத்தி.

பக்க உச்சிகளின் இடத்துக்கு வருவோம். குறிப்புகளில் அவை ஒன்றரை, இரண்டரை அலைநீளங்களில், அதாவது இரண்டு இருளுக்கு நட்டநடுவில் குறிக்கப்படுகின்றன. சரியான இடம் அதற்குச் சற்று உள்ளே. சூத்திரத்தை வகையிட்டுப் பூச்சியமாக்கினால் தான் உ = உ என்ற சமன்பாடு வரும் (இங்கே தான் என்பது தாஞ்சன்). அதன் முதல் தீர்வுகள் 4.493, 7.725, 10.904. பையால் வகுத்தால் 1.430, 2.459, 3.471. வெளியே போகப்போக அரைப் பெறுமானங்களை நெருங்குகின்றன. ஆனால் முதலாவது 1.5 அல்ல, 1.43. அங்கே செறிவு நடுவின் 4.72 சதவீதம், அடுத்தவை 1.65, 0.83 சதவீதம்.

ஏன் உள்ளே வருகிறது? வட்டப் படமே சொல்கிறது. ஒன்றரை அலைநீளத்தில் வில் ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, நாண் சரியாக விட்டமாக நிற்கிறது. அதனிலிருந்து அவத்தையைச் சற்றுக் குறைத்தால் இரண்டு காரியம் நடக்கும். நாண் விட்டத்திலிருந்து விலகுவதால் கொஞ்சம் குறையும். ஆனால் விட்டத்துக்கு அருகில் நாண் மிக மெதுவாகவே குறையும். அதேநேரம் அதே நீள வில் குறைந்த சுற்றுச் சுற்றுவதால் வட்டம் பெரிதாகும். பெருக்கம் முந்திக்கொள்கிறது. கொப்பியில் சோதிக்க விரும்புபவர் திருப்பத்தை 45க்குப் பதில் 43 பாகை வைத்து வரையட்டும்: நேர்த்தூரம் 2.61 செ.மீ.யிலிருந்து 2.67 ஆகும். அரை மில்லிமீற்றர் வித்தியாசம்தான், கூரான பென்சில் இல்லாவிட்டால் தெரியாது. 42 பாகைக்கு மறுபடி 2.65 ஆகக் குறைந்துவிடும்.

நடு மேட்டின் அகலத்துக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. இருள்கள் சைன் கோ = ல÷அ, 2ல÷அ, 3ல÷அ என்று இருபுறமும் வருகின்றன; பூச்சியத்தில் இருள் கிடையாது, அங்கே பிரகாசம். ஆகவே நடு மேடு −ல÷அ இலிருந்து +ல÷அ வரை. மற்ற மேடுகளின் இரட்டை அகலம். 1.22 என்ற எண்ணை இங்கே கொண்டுவந்து செருகுபவர்களும் உண்டு. அது வட்டத் துவாரத்துக்கு உரியது. பிளவுக்கு வெறும் 1.

மாணவர்கள் கேட்கும் ஒரு கேள்வி உண்மையில் நல்ல கேள்வி. பல வகுப்புகளில் அது தட்டிக்கழிக்கப்படுகிறது. "பிளவைப் பாதியாக ஒடுக்கினால் உள்ளே வரும் ஒளி பாதியாகத்தானே குறையும்? நடுவில் செறிவு ஏன் நான்கிலொன்று?" வீச்சம் அகலத்துக்கு நேர்விகிதசமன்: 12 கோட்டுக்குப் பதில் 6 கோடு, 12 செ.மீ.க்குப் பதில் 6. வர்க்கித்தால் கால். ஆனால் அதே வேளை கோலம் இரண்டு மடங்கு அகலமாகிறது. கால் உயரம், இரட்டை அகலம், பரப்பு பாதி. வந்த வலு பாதி, திரையில் விழுந்த வலுவும் பாதி. கணக்குச் சரி. பெட்டிக்குள் "நடுச் செறிவு" என்ற குறியீட்டை மாறிலி போல எழுதிவிட்டு அது அகலத்தின் வர்க்கத்தோடு மாறும் என்பதைச் சொல்லாமல் விடுவதால் எழும் குழப்பம் இது. மொத்த ஒளியில் ஏறத்தாழ 90 சதவீதம் நடு மேட்டுக்குள்ளேயே அடங்கும் என்பதையும் சொல்லிவைக்கலாம்.

கணக்கிடும்போது மதிப்பெண்ணைக் கொண்டுபோகும் பிழைகளில் முதலிடம் கல்குலேட்டர் பாகை நிலையில் இருப்பதற்கு. பகுதியிலுள்ள, அதாவது வகுக்கும் இடத்திலுள்ள, உ ஆரையனில் (180 பாகையைப் பை என்று கொள்ளும் அலகில்) இருக்க வேண்டும். 90 பாகைக்கு சைன் 1. அதை 90ஆல் வகுத்தால் 0.011 என்ற அர்த்தமற்ற எண். 1.571ஆல் வகுத்தால் 0.637. இரண்டாவது, வ, உ இரண்டையும் மாற்றிப் போடுவது. ஒரு நூலில் முழு அவத்தைக்கு வைத்த எழுத்தை இன்னொரு நூல் அரை அவத்தைக்கு வைத்திருக்கும். இரண்டிலிருந்தும் பாதிப் பாதி எடுத்தால் இருள் இரட்டைத் தூரத்தில் போய் நிற்கும். சந்தேகம் வந்தால் ஒரு பரிசோதனை போதும்: சைன் கோ = ல÷அ இட்டால் விடை பூச்சியமாக வர வேண்டும். நேர்திசையில் கல்குலேட்டர் பிழை காட்டுவது பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுப்பதால், எல்லை 1.

இதைக் கண்ணால் பார்க்கவும் பெரிய ஆய்வுகூடம் வேண்டாம். புறக்கோட்டையில் வாங்கும் சிவப்பு லேசர் பொயிண்டர், சவரம் செய்யும் பிளேட் இரண்டு, போட்டோகொப்பித் தாள் ஒன்று, செலோ டேப், இருட்டாக்கக்கூடிய அறை. 500 தாள் கட்டு ஏறத்தாழ 5 செ.மீ. தடிப்பு, ஆக ஒரு தாள் 0.1 மி.மீ. நடுவில் ஒரு சாளரம் வெட்டிய அட்டையில் ஒரு பிளேட்டை ஒட்டி, அதன் கூர் ஓரத்தில் தாள் துண்டொன்றைச் செங்குத்தாக நிறுத்தி, மற்றப் பிளேட்டை அதன்மேல் மெதுவாக அணைத்து ஒட்டி, தாளை உருவி எடுத்தால் ஏறத்தாழ 0.1 மி.மீ. பிளவு கிடைக்கும். விரலில் கவனம். பிளேட்டில் தூசியும் எண்ணெயும் இருந்தால் கோலத்தில் புள்ளியும் கீறலும் தெரியும். பஞ்சில் சிறிது அற்ககோல் தொட்டுத் துடைத்துவிடுங்கள்.

அலைநீளம் 650 நானோமீற்றர், திரை 2 மீற்றர் தூரத்தில் என்றால் முதல் இருள் நடுவிலிருந்து 13 மி.மீ.யில். நடு மேடு 26 மி.மீ. அகலம். சூத்திரப்படி 3.25 மி.மீ.யில் செறிவு 81 சதவீதம், 6.5 மி.மீ.யில் 40.5, 9.75 மி.மீ.யில் 9, பிறகு பூச்சியம். முதல் பக்க உச்சி 18.6 மி.மீ.யில். நட்டநடு என்று சொல்பவர் கணக்கில் அது 19.5. சுவரில் ஒட்டிய வரைபுத்தாளில் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசத்தைப் பார்க்க முடியும்.

பிளவு நிலைக்குத்து என்றால் கோலம் கிடையாகப் பரவும். பிளவின் திசையிலேயே பரவும் என்று எதிர்பார்த்துத் திரையை மேலும் கீழும் தேடுபவர்கள் அதிகம். இருள் சரியாக இருளாக வராமல் கலங்கலாக இருந்தால் பிளேட்டுகள் சமாந்தரமாக இல்லை என்று அர்த்தம்: மேலே 0.08, கீழே 0.12 மி.மீ. என்று ஆப்பு வடிவில் இருந்தால் முதல் இருள் ஒரு முனையில் 16 மி.மீ.யிலும் மறு முனையில் 11 மி.மீ.யிலும் விழும்; கோலம் விசிறி போல் விரியும். லேசர்க் கற்றை பிளவைவிட நன்றாக அகலமாக இருக்க வேண்டும். கற்றையின் நடுப்பகுதி பிளவில் விழட்டும். கற்றையின் விளிம்பு பிளவில் விழுந்தால் கீலங்களுக்குச் சம வீச்சம் கிடைக்காது, நாம் வரைந்த சம நீளக் கோடுகளின் கதையும் அங்கே பொருந்தாது.

அளவெடுக்கும்போது ஒரு பக்க மூன்றாவது இருளிலிருந்து மறு பக்க மூன்றாவது இருள் வரை அளப்பதே நல்லது. நடுவைத் தேட வேண்டியதில்லை. மேற்சொன்ன அளவுகளுக்கு அது 78 மி.மீ. இதை 6ஆல் வகுக்க வேண்டும். இடையில் ஐந்து ஒளிப் பட்டைகளை எண்ணிவிட்டு 5ஆல் வகுப்பவருக்கு 15.6 மி.மீ. வரும், பிளவு 0.083 மி.மீ. என்று முடிவெடுப்பார். ஆறில் ஒரு பங்கு பிழை, காரணம் நடுப் பட்டை இரண்டுக்குச் சமம் என்பதை மறந்தது. மலிவான பொயிண்டர்களில் அலைநீளம் 630 முதல் 680 வரை என்று வீச்சாகவே அச்சிட்டிருப்பதும் உண்டு; அப்போது மூன்றாம் இலக்கம் வரை விடை எழுதுவதில் பொருளில்லை. கற்றையை நேரே பார்க்க வேண்டாம், பிளேட்டில் பட்டுத் தெறிப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

திரைத் தூரத்திலும் ஒரு நிபந்தனை உண்டு. அகலத்தின் வர்க்கத்தை அலைநீளத்தால் வகுத்தால் வரும் நீளத்தைவிடத் திரை மிகத் தூரத்தில் இருந்தால்தான் கதிர்கள் சமாந்தரம் என்று கொள்ளலாம். 0.1 மி.மீ.க்கு அது 1.5 செ.மீ. மட்டுமே, 2 மீற்றர் தாராளம். ஆனால் பிளவை 1 மி.மீ. ஆக வைத்தால் அதே நீளம் 1.5 மீற்றர், 2 மீற்றரில் திரை வைத்தால் நம் சூத்திரம் சொல்லும் கோலம் வராது. பௌதிகவியலாளர் பிரெனல் 1818இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்துக்கு எழுதிய ஆய்வு இந்தக் கிட்டத் திரைக் கணக்கையே கையாண்டது. அங்கே வில் வட்டமாக இராது, சுருளாகிவிடும். நாம் பார்ப்பது ஜேர்மனிய விஞ்ஞானி பிரௌனோபரின் பெயரால் வழங்கும் தூரத் திரைக் கணக்கு, அதனால்தான் இவ்வளவு இலகு. மறுபக்கத்தில், பிளவை ஒடுக்கிக்கொண்டே போய் அகலமும் அலைநீளமும் சமமானால் சைன் கோ = 1; முதல் இருள் 90 பாகைக்குப் போய்விடும், திரையில் இருளே இராது. அந்த அளவுக்குப் பெரிய கோணங்களில் ஒவ்வொரு கீலமும் எல்லாத் திசைக்கும் சமமாக அனுப்புகிறது என்ற எடுகோளும் நிற்காது.

கையடக்கத் தொலைபேசியால் கோலத்தைப் படமெடுத்து "பக்க உச்சி கால்பங்கு பிரகாசமாக இருக்கிறதே, சூத்திரம் பிழையா?" என்று கேட்பதும் அண்மைக் காலத்தில் கூடியிருக்கிறது. சூத்திரம் பிழையில்லை. தொலைபேசி சேமிக்கும் படத்தில் பிரகாச எண் செறிவுக்கு நேர்விகிதசமன் அல்ல. இருண்ட பகுதியைத் தூக்கிக் காட்டுவதற்காக, ஏறக்குறைய 2.2ஆம் மூலம் போல் மாற்றிப் பதிவுசெய்யப்படுகிறது. 0.047க்கு அந்த மூலம் எடுத்தால் 0.25. கால்பங்கு வந்தது அங்கிருந்துதான். போதாததற்கு நடு மேடு பெரும்பாலும் நிரம்பி வெள்ளையாகிவிடும். அதற்கு மேல் எவ்வளவு ஒளி வந்தாலும் எண் கூடாது. படத்திலிருந்து செறிவு எடுக்க வேண்டுமானால் தானியங்கி வெளிச்சச் சரிசெய்தலை நிறுத்தி, நடுமேடு வெள்ளையாகாத அளவுக்குப் பதிவு நேரத்தைக் குறைத்து, மாற்றம் செய்யாத மூலப் பதிவை எடுக்க வேண்டும். அது முடியாவிட்டால் செறிவை விட்டுவிட்டு இருள்களின் இடத்தை மட்டும் அளப்பது நேர்மை.

உங்கள் கல்விப் பக்கத்துக்கு எங்கள் வேண்டுகோள் சிறியது. அடுத்த முறை இந்தப் படத்தை அச்சிடும்போது உண்மை அளவுத்திட்டத்தில் அச்சிடுங்கள். நடு உச்சி 10 செ.மீ. என்றால் பக்க உச்சிகள் 4.7, 1.65, 0.8 மி.மீ. பத்திரிகைப் பத்தியின் உயரத்தில் அவை கோட்டோடு கோடாக ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மை. ஓவியர் அவற்றைத் தூக்கி வரைவதும் அதனால்தான். அதற்கு வழி, பக்கப் பகுதியை மட்டும் பத்து மடங்கு உருப்பெருக்கி இரண்டாவது படமாகப் போட்டு, "நிலைக்குத்து அச்சு 10 மடங்கு" என்று அருகிலேயே எழுதுவது. பெட்டிக்குப் பதிலாக மூன்று சிறு படங்கள் போதும்: நேர்கோடு, பன்னிருகோணி, ஒன்றரைச் சுற்று எண்கோணி. இடம் போதாவிட்டால் முதலில் பெட்டியை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
பௌதிகவியல் ஆசிரியர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.